கண் வைக்க இடமில்லாத டெலஸ்கோப்

"இதுல எங்க கண்ணை வச்சுப் பாக்குறது?"

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் அடி விழும் என்பதும் தெரிந்தது.

தை அறுப்பு முடிந்த வயல்காட்டுக்கு நடுவே ஒரு நெல் களம். இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. களத்தின் நடுவில் மூன்று கால் ஸ்டாண்டு. அதன் மேல் முழ நீளத்தில் ஒரு வெள்ளைக் குழாய், குழாயின் வால் பக்கம் கேமரா, அதிலிருந்து தொங்கும் ஒயர்கள், கீழே ஒரு பேட்டரி. பக்கத்தில் நான். எங்கள் ஆம்னி வேனில் முதுகை ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர். எங்களைச் சுற்றி ஒரு தெரு சனம். எல்லோர் கையிலும் டார்ச். எல்லா வெளிச்சமும் எங்கள் முகத்தில்.

"டெலஸ்கோப்புன்னு சொல்றீங்க. டெலஸ்கோப்புன்னா பாக்க முடியணும்ல? காட்டுங்க, பாப்போம்."

"இதுல பாக்க முடியாதும்மா. இது படம் எடுக்க மட்டும்தான்."

"கேட்டுக்குங்க!" என்று அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "படம் எடுக்கத்தானாம். அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கத்து ஊர்களில் எரிவாயுக் கிணறு தோண்ட நிலம் அளந்துகொண்டிருந்த காலம் அது. மூன்று கால் ஸ்டாண்டோடு வயலில் வந்து நிற்பவர்கள் யார் என்பதில் அங்கே குழந்தைக்குக்கூடச் சந்தேகம் கிடையாது. கம்பெனி ஆள். அளக்க வந்தவர்கள்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழரசி. பட்டுக்கோட்டை சுற்றுவட்டார அரசு ஆஸ்பத்திரிகளில் வேலைக்காலம் முழுக்க எக்ஸ்ரே எடுத்தவள். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது நான் ஏன் அந்தக் களத்தில் போய் நின்றேன் என்றால், அதற்கு ஒரு புயல் காரணம்.

கூரை போன பிறகு

அந்தப் புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. மறுநாள் தொடங்கி ஆஸ்பத்திரியில் வரிசை. ஓட்டில் வெட்டுப்பட்டவர்கள், மரம் விழுந்து கால் முறிந்தவர்கள். பேராவூரணிப் பக்கத்துக்காரர் ஒருவர் இடுப்பு எலும்பு உடைந்து வந்தார். மேசை மேல் தூக்கிப் போடும்போது வலிக்குக் கத்தவில்லை. "எல்லாம் காய்ப்புக்கு வந்த மரம்மா" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்குள் படம் எடுத்து முடித்துவிட்டு, பொழுது சாய்ந்து வீட்டுக்கு வருவேன். வீட்டுக்குள் புழுக்கம், கொசு. நானும் அவரும் மொட்டை மாடியில் போய் உட்காருவோம்.

முதல் நாளே அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன தமிழு, நம்ம ஊர்ல இவ்வளவு வெள்ளி இருக்கா?" என்றார்.

இருந்தது. தெருவிளக்கு இல்லை. தென்னை மட்டையும் இல்லை. வீட்டைச் சுற்றி நின்றவை எல்லாம் தரையில் கிடந்தன. நான்கு பக்கமும் அடிவானம் வரை வானம். பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷப்படக் கூச்சமாகவும் இருந்தது. கீழே எத்தனையோ வீட்டில் கூரை இல்லை.

எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் ஃபிலிம். இருட்டறையில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், மருந்துத் தொட்டிக்குள்ளிருந்து எலும்பு மெல்ல மெல்ல வெளியே வரும். அதைப் பார்க்கும் ஆசைக்கே இரண்டு முறை தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பட்டனை அமுக்கினால் படம். வசதிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இருட்டிலிருந்து ஒன்று தானாக எழுந்து வருவதைப் பார்க்கும் அந்தக் கணம் போய்விட்டது.

மின்சாரம் திரும்பி வந்த பிறகு கம்ப்யூட்டரில் வானத்துப் படங்களைத் தேடினேன். கண்ணுக்குத் தெரியாத புகையும் மேகமும், கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருகின்றன. எனக்கு வேண்டியது அதுதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஹாஜா அண்ணன் கடையில்

அதிராம்பட்டினத்தில் ஹாஜா அண்ணன் கேமராவும் செல்போனும் விற்கிறார். ஷார்ஜாவில் கேமராக் கடையில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய அம்மாவுக்கு மாதாமாதம் நெஞ்சுப் படம் எடுத்த வகையில் பழக்கம்.

நான் முதலில் ஆசைப்பட்டது பெரிய டெலஸ்கோப். தண்ணீர் டிரம் மாதிரி இருக்குமே, அது.

"தங்கச்சி, இதை யாரு தூக்குறது?" என்றார்.

"அவரு தூக்குவாரு."

"மச்சானுக்கு முதுகுவலின்னு போன வாரம்தான் சொன்னீங்க. பெருசு வாங்குனா அது வீட்டுக்குள்ளயேதான் இருக்கும், சொல்லிப்புட்டேன். நீங்க கிரகத்தைக் கிட்டத்துல பாக்கணுமா, வானத்தை அகலமா எடுக்கணுமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

அந்தக் கேள்விக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விரல் வலிக்கிறது என்று வருபவருக்கு நான் விரலை மட்டும் எடுப்பதில்லை. முழுக் கையும் படத்தில் விழுகிற மாதிரி வைப்பேன். வியாதி பல நேரம் பக்கத்தில் இருக்கும்.

"அகலமா" என்றேன்.

"அப்ப சின்னதுதான். லென்ஸ் வச்சது. குட்டையா, வாய் அகலமா."

சாயங்காலம் விளக்கு வைத்த நேரம். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மலிவான லென்ஸ் டெலஸ்கோப் ஒன்றைக் கடை வாசலில் வைத்து, பள்ளிவாசல் மினாரா உச்சி விளக்கைக் காட்டினார். விளக்கைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கரை கட்டியிருந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை. என் தொழிலில் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது. மயிரிழை விரிசலும் ஓரத்தில்தான் தெரியும். ஓரம் கெட்டால் படம் கெட்டது.

"இந்த ஊதா வராத கண்ணாடி உண்டு. விலை கூட. ஆனா அளவைக் குறைச்சுக்கிட்டா கைக்கு எட்டும்" என்றார்.

இப்படித்தான் பெரிய ஆசையைச் சின்னதாக்கி, நல்ல கண்ணாடிக்கு மாற்றிக்கொண்டேன். ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய மகன், பேரீச்சம்பழப் பெட்டிகளுக்கு நடுவே குழந்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான். விமான நிலையத்தில் எக்ஸ்ரே மெஷினுக்குள் விட்டு இரண்டு முறை பார்த்தார்களாம். பிரித்தேன். முழ நீளம். காப்பி டபரா அகலத்துக்கு வாய். ஒரு கையால் தூக்கிவிட்டேன்.

"கண்ணு வச்சுப் பாக்குற துண்டு ஒண்ணு தனியா வரும். வாங்கிரலாமா?" என்று அண்ணன் கேட்டிருந்தார்.

"வேண்டாண்ணே. நான் படம் மட்டும்தான் எடுக்கப்போறேன்."

அந்தத் துண்டை அன்று வாங்கியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

அதற்குள் எங்கள் தெருவுக்குப் புது எல்.ஈ.டி. விளக்குகள் வந்து வானம் வெளுத்துவிட்டது. இன்னொரு சிக்கலும் இருந்தது. பூமி சுற்றுவதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் கூடவே கேமராவையும் மெதுவாகத் திருப்ப ஒரு சின்ன மோட்டார் உண்டு. அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் தரையோடு தரையாக இருக்கும். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்குச் சற்று மேலே. எங்கள் தெருவில் வடக்கே மாடி வீடு. தோப்புப் பக்கம் போனால், புயலுக்குத் தப்பிய தென்னைகள். மரமே இல்லாத வெட்டவெளி வேண்டும்.

"மன்னார்குடிக்குக் கிழக்க போயிட்டா கண்ணுக்கெட்டுன தூரம் நெல்லு வயல்தான்" என்றார் என் வீட்டுக்காரர் குணசேகரன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தத் தடத்தில் எந்த வளைவில் எந்த மரம் நிற்கிறது என்பதுவரை தெரியும். அப்படித்தான் ஒரு சாயங்காலம் அந்தக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் பெயர் வேண்டாம்.

சங்கிலி வந்த நாள்

களத்தில் சூழ்ந்துகொண்டு நின்றவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது, கோபம் வரவில்லை. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா பண்ணையாள். செங்கொடிக்காரர். எனக்குத் தமிழரசி என்று பெயர் வைத்தது தாய்மாமா. அவர் கறுப்பு சிவப்பு. எங்கள் குடிசைக் கூரையில் ஒரு காலத்தில் இரண்டு கொடியும் செருகியிருக்கும். தேர்தல் சமயத்தில் மட்டும் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

கூலிக்காகவும் குத்தகைக்காகவும் கீழத்தஞ்சையில் அடிதடி நடந்த காலம் அது. உச்சவரம்புச் சட்டம் வந்தும் பண்ணை நிலம் குறையவில்லை. சமையல்காரர் பேரில், கார் டிரைவர் பேரில் எல்லாம் பினாமியாக எழுதி வைத்திருந்தார்கள். கோயில் யானை பேரில்கூட நிலம் இருந்ததாக அப்பா சொல்லிச் சிரிப்பார். வருஷக்கணக்கில் மனு, மறியல், ஜெயில். கடைசியில் ஒருநாள் சர்வேயர் அளவுச் சங்கிலியோடு வந்தார்.

சங்கிலியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் எங்கள் அப்பா. நான் வரப்பில் நின்று பார்த்தேன். கல் நட்டார்கள். இரண்டு மா நிலத்துக்குக் கொஞ்சம் குறைவாக எங்களுக்கு விழுந்தது. அன்றைக்கு அம்மா வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தார். பொழுது சாய்ந்தும் அப்பா சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தால் புதுக் கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நிலத்து நெல்தான் என்னைப் படிக்க வைத்தது.

அளக்க வருபவர் என்றால் எங்கள் வீட்டில் நிலம் வருகிறது என்று அர்த்தம். இந்தக் களத்தில் டார்ச்சோடு நின்றவர்களுக்கு அளக்க வருபவர் என்றால் நிலம் போகிறது என்று அர்த்தம். இவர்களும் எங்களைப் போல ஒரு கல்லுக்காகக் காத்திருந்து நிலம் வாங்கியவர்களின் பிள்ளைகள்தான். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பார்.

கையைப் பிடித்தபடி

"ஒரே இழுப்புல வாய்க்கால்ல போட்டுருவேன்" என்றார் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். நைட்டி மேல் துண்டு. பெயர் இந்திராணி என்று பிறகு தெரிந்தது. அவருடைய கை குழாயின் மேல் இருந்தது.

"தமிழு, எல்லாத்தையும் கழட்டு, போயிருவோம்" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க போறது?" என்றார் இந்திராணி. "போலீஸ்ல சொல்லி ஆளைக் கூட்டியாரவா? கிணறு வேண்டாம்னு மறியல் பண்ணதுக்கு எங்க வீட்டுக்காரர் மேல கேஸு போட்டு வச்சிருக்கீங்க. தெனம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு வர்றாரு. என் மாமியாளை நான் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, எங்க வயல்ல கல்லு நட்டுட்டுப் போனீங்க. வந்து பாக்குறேன், என் வயல்ல கல்லு. யாரைக் கேட்டு நட்டீங்க?"

"அது நாங்க இல்லம்மா" என்றேன். "உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா வாய்க்கால்ல போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் எடுக்கிறேன். அதைப் பாத்துட்டுப் போடுங்க."

"எதை எடுப்பீங்க?"

கையை மேலே காட்டினேன். தலைக்கு நேராகக் கொஞ்சம் கிழக்கே, வரிசையாக மூன்று நட்சத்திரங்கள்.

"எடுங்க, பாப்போம்."

"டார்ச்சை எல்லாம் அணைக்கணும்."

கூட்டம் கொந்தளித்துவிட்டது. "இருட்டாக்கிட்டு ஓடவா?" என்று ஒருவர் கத்தினார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளிச்சம் இருந்தால் படம் வராது என்று நான் சொல்வது எனக்கே சாக்குப் போலத்தான் கேட்டது.

இந்திராணி என் இடது மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தார்.

"அணைங்கப்பா. நான் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஓடுனா என்னையும் இழுத்துக்கிட்டுத்தான் ஓடணும்."

ஒவ்வொன்றாக அணைந்தது. இருட்டு வந்து விழுந்தது. கண் பழகப் பழக வானம் மேலே திறந்துகொண்டது. வடகிழக்கே வெகுதூரத்தில் ஒரு எரிவாயுக் கிணற்றின் தீ மட்டும் செம்மஞ்சளாக எரிந்தது. என்னைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தக் களத்தில் பயந்துபோய் நின்றது நான் மட்டும் இல்லை.

ஒரு கையால் முதல் படத்தை எடுத்தேன். கேமராவின் பின்பக்கம் சின்னத் திரையில் வந்தது. எல்லாம் கோடு கோடாக இருந்தது.

"என்னா இது, கோழி கிளறுன மாதிரி இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

"வடக்க பாத்து இன்னும் சரியா நிறுத்தலை. அந்தப் பக்கம் போகணும்" என்றேன்.

"போங்க" என்றார் இந்திராணி. கையை விடவில்லை. ஒருவர் பின்னால் ஒருவராக ஸ்டாண்டைச் சுற்றி வந்தோம். "மாலை ஒண்ணுதான் கொறை" என்று யாரோ சொன்னார்கள். இருட்டில் என் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தது.

குனிந்து, மண்டியிட்டு, துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து மோட்டாரைத் திருத்தி வைத்தேன். மறுபடி எடுத்தேன். கேமரா திறந்திருந்த நேரம் முழுக்க அந்தக் கூட்டம் மூச்சுக்கூட விடாமல் நின்றது.

திரை ஒளிர்ந்தது. இந்த முறை புள்ளி புள்ளியாக, ஊசி குத்தியதுபோல நட்சத்திரங்கள். கண்ணுக்கு மூன்றாகத் தெரிந்த இடத்தில் எண்ண முடியாத அளவுக்கு. அதற்குக் கீழே, வெறும் கண்ணுக்கு மங்கலாக இருந்த இடத்தில், ரோஜா நிறத்தில் ஒரு புகை சிறகு விரித்திருந்தது. எந்த ஓரத்திலும் ஊதா இல்லை.

தொட்டித் தண்ணீருக்குள்ளிருந்து எலும்பு வந்த நாள்கள் எல்லாம் எனக்குத் திரும்பி வந்திருந்தன.

"இது என்னக்கா, புகையா?" இந்திராணியின் குரல் மாறியிருந்தது. என்னை அவர் அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

"புகைதான். அதுக்குள்ளதான் புது நட்சத்திரம் பொறக்குது."

"இப்பவா?"

"இப்பவும்தான்."

ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் திரையைப் பார்ப்பதும் அண்ணாந்து பார்ப்பதுமாக வெகுநேரம் நின்றார். எப்போது என்று தெரியவில்லை, இந்திராணி என் கையை விட்டிருந்தார். மணிக்கட்டில் விரல் பதிந்திருந்தது.

கிளம்பும்போது அவர் வேன் ஜன்னலுக்கு அருகில் வந்தார்.

"அவ்வளவு தூரத்துல உள்ளதை எடுக்குதே, இது கீழ உள்ளதையும் எடுக்குமாக்கா?"

"எதை?"

இரண்டு வயல் தாண்டி, வாய்க்காலுக்கு அப்பால், தகர வேலிக்குள் தெரிந்த விளக்குகளைக் காட்டினார். "புதுசா தோண்டலைன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. பழைய கிணறை ரிப்பேர் பண்றாங்களாம். நாங்க கிட்டப் போனா போலீஸு வெரட்டுது. செல்போன்ல எடுத்தா ஒண்ணுமே தெரியல."

பதினேழு பி

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் காப்பியோடு ஆரம்பித்தார்.

"பதினேழு பி தெரியும்ல உனக்கு?"

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. ஒழுங்கு நடவடிக்கை மெமோ. ஓய்வு பெறுகிற சமயத்தில் வந்தால் பென்ஷன் நின்றுபோகும். ஓய்வு பெறும் நாள் சாயங்காலம் மாலையோடு போனவர் சஸ்பெண்டு உத்தரவோடு திரும்பி வந்த கதைகள் எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நாம வெள்ளி பாக்கப் போனோம். வெள்ளி பாத்தாச்சு. அதோட விடு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் விடுகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் வேலையில் மனம் ஓடவில்லை. இத்தனை வருஷமாக நெஞ்சுக்கும் இடுப்புக்கும் படம் எடுத்திருக்கிறேன். படத்தில் வருவது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று பார்த்து எடுத்ததில்லை. உள்ளே இருப்பதைத்தான் எடுத்தேன். தெரியாமல் தவிப்பவர்கள் முன்னால் நின்று, எடுக்கமாட்டேன் என்று சொன்னதில்லை.

அந்த வாரக் கடைசியில், "ஞாயித்துக்கிழமை விடியக்காலம் போறேன். பஸ்ஸுல போயிக்கிறேன்" என்றேன்.

"போ. நான் வண்டி எடுக்கமாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது வாசலில் வேனின் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெலஸ்கோப்பைப் பின் சீட்டில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

வெயில் ஏறினால் வயலிலிருந்து அனல் எழும்பி, தூரத்தில் இருப்பதெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடும். அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். இந்திராணி சொன்ன வரப்பில் ஸ்டாண்டை நிறுத்தினேன். பனி விலகியது. தகர வேலிக்கு மேலே கிணறு தோண்டும் இரும்புக் கோபுரம் தெளிவாக நின்றது. புதுக் குழாய்களை இறக்கும் லாரி. துருப்பிடிக்காத, மண் படாத குழாய்கள்.

டெலஸ்கோப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினேன். அகலமாக எடுக்கும் லென்ஸ் என்பதால் ஒரே படத்தில் எல்லாம் விழுந்தது. கோபுரம், லாரி, இந்திராணியின் வயலில் நட்ட கல், அறுத்த தாளுக்கு நடுவே பச்சையாக எழுந்த உளுந்துச் செடி, பின்னால் ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி.

அன்று மதியமே ஹாஜா அண்ணன் பெரிதாகப் பிரிண்டு போட்டுக் கொடுத்தார். "நட்சத்திரம்னு சொல்லித்தானே வாங்குனீங்க தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

"யாரு எடுத்தது?"

கிணற்று விவகாரத்துக்காகத் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம். நான் லீவு போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"பழைய கிணத்துல பராமரிப்பு வேலைதான் நடக்குது. புதுசா எதுவும் இல்லை" என்றார் அதிகாரி. பக்கத்தில் இருந்த கம்பெனிக்காரர் தலையாட்டினார்.

இந்திராணி எழுந்து போய்ப் படங்களை மேசையில் பரப்பினார். அறையில் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இது எந்த ஊர்ல எடுத்ததோ" என்றார் கம்பெனிக்காரர்.

"தொட்டியில எங்க ஊர் பேரு இருக்கு. படிங்க" என்றார் இந்திராணி.

அதிகாரி படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. "யாரு எடுத்தது இதை? இவ்வளவு கிட்டத்துலேர்ந்து எடுக்கணும்னா ட்ரோன்தான் விட்டிருக்கணும். அனுமதி இல்லாம ட்ரோன் விட்டா தனி கேஸு, தெரியும்ல? உங்க வீட்டுக்காரர் மேல ஏற்கனவே ஒண்ணு இருக்கு."

இந்திராணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பக்கூடாது என்று அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டிருப்பது பின்னாலிருந்தே தெரிந்தது.

நான் எழுந்தேன்.

"நான் எடுத்தேன் சார். ட்ரோன் இல்ல, டெலஸ்கோப். வாய்க்கால் வரப்புல நின்னு எடுத்தேன். யார் வேலிக்குள்ளயும் போகல."

"டெலஸ்கோப் எதுக்கு உங்களுக்கு?"

"நட்சத்திரம் எடுக்க சார்."

"நட்சத்திரம் கீழயாம்மா இருக்கு?"

ஓரிருவர் சிரித்தார்கள்.

"எங்க வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

கூட்ட முடிவில், விசாரித்து முடிக்கும்வரை வேலை நிற்கும் என்று சொன்னார்கள். நின்றது. சித்திரை பிறப்பதற்குள் கோபுரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்திராணியின் வீட்டுக்காரர் மேல் இருந்த கேஸ் போகவில்லை. அது இன்றுவரை வாய்தாவில் ஓடுகிறது. எனக்கு மெமோ வந்தது. பதினேழு பி.

கடைசி நாள்

விளக்கம் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. ஒரு மாதம் போனது, இன்னொரு மாதம் போனது. ஓய்வு பெறும் நாளும் வந்துவிட்டது. பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவு மதியம்வரை வரவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் மாலை வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் யாரும் என் அறைப் பக்கம் வரவில்லை. என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிவாக்கில் இந்திராணி வந்தார். கூட ஊர்ப் பெண்கள் சிலர். வேப்பமரத்தடியில் அவர்களை உட்கார வைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஓ.பி. சீட்டு.

"வந்துச்சாக்கா?"

"இன்னும் இல்ல."

"எங்களாலதானே உங்களுக்கு இது."

"அப்படியெல்லாம் இல்ல இந்திராணி."

அவருக்கு அழுகை வந்தது. அதை அடக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நிற்காத இருமல்.

"எத்தனை நாளா இது?"

"அது கெடக்கு, மாசக்கணக்கா இருக்கு. டாக்டரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி எழுதிட்டாரு. வேற ஆளுக்கிட்ட எடுத்துக்க மனசு வரலை. அதான் இன்னைக்கே வந்துட்டேன்." பிறகு மெதுவாக, "எங்க அம்மா நெஞ்சு நோயிலதான் போனுச்சு" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வரவேண்டிய உத்தரவை மறந்துவிட்டேன்.

தாலியையும் மணிமாலையையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். எக்ஸ்ரே தட்டுக்கு முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். எலும்பும் தோலுமான தோள். முகவாயைத் தூக்கி வைத்தேன்.

"நான் சொல்றப்ப மூச்சை இழுத்துப் புடிக்கணும். ஆடக்கூடாது."

கதவைச் சாத்திவிட்டு மறைப்புக்குப் பின்னால் போனேன். வாசல் சிவப்பு விளக்கைப் போட்டேன்.

"மூச்சை நல்லா இழுங்க. புடிச்சுக்குங்க."

அவர் தோள் உயர்ந்து நின்றது. அந்த நேரம் பார்த்து யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். "தமிழரசிக்கா! ஆர்டர் வந்துருச்சு! விட்டுட்டாங்க, வெறும் எச்சரிக்கையோட விட்டுட்டாங்க! வாங்கக்கா!"

நான் அசையவில்லை. கண்ணாடி வழியாக இந்திராணியை மட்டும் பார்த்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன். மெஷின் முனகி அடங்கியது. திரையில் விலா எலும்புகள் வந்தன. அதன் உள்ளே இரண்டு நுரையீரலும், ஒரு புள்ளி புகை இல்லாமல், கருகருவென்று சுத்தமாக விரிந்திருந்தன.

"மூச்சு விடுங்க" என்றேன்.

இரண்டு பேரும் விட்டோம்.